மலாய்த் திரையில் சென்னைப் பெயர்கள்: பி. ராம்லியின் படப்பட்டியலும் தென்னிந்திய இயக்குநர்களும்

மலாக்கா தமிழரும் திரையும்: வரலாற்றுத் தொடர், பகுதி 9

சுங்கை ரம்பாய், மெர்லிமாவ், ஜாசின், ஆசகான் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்திருந்த பால்மரத் தோட்டங்களையும் உள்ளடக்கிய தென்கிழக்கு மலாக்காவின் திரைப்பட வரலாற்றை எழுத முற்படுவோர், சென்னையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ்ப்படங்களின் பெயர்களைத் தொகுத்துவிட்டாலே அவ்வரலாறு நிறைவு பெற்றுவிடும் என்று கருதுவதுண்டு. ஆனால் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களும் பக்கத்து மலாய்க் கம்பத்தில் வாழ்ந்தவர்களும் ஒரே பட்டணத்துக் கொட்டகைகளுக்குச் சென்றவர்கள் என்பதாலும், அவசரகாலமாக அறிவிக்கப்பட்ட 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் அரசாங்கத் தகவல் இலாகாவின் படவண்டிகள் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் மாறிமாறிச் சென்றன என்பதாலும், தமிழர் மலாய்ப்படம் பார்ப்பதும் மலாய்க்காரர் தமிழ்ப்படம் பார்ப்பதும் அக்காலத்தில் இயல்பான நடைமுறையாக இருந்தன. அப்படித் தமிழர் பார்த்த மலாய்ப்படங்களின் தொடக்கத்தில், இயக்குநரின் பெயர் திரையில் வரும் இடத்தில், கிருஷ்ணன் என்றும் ராமநாதன் என்றும் பாஸ்கர் என்றும் ராவ் என்றும் பெயர்கள் வந்தன. அப்பெயர்கள் அங்கே எப்படி வந்தன, அவற்றின் வழியே எந்தெந்தக் கலைஞர்கள் ஒருவரோடு ஒருவர் இணைகின்றனர், அந்த இணைப்பு ஏன் முடிவுக்கு வந்தது என்பனவற்றை, பி. ராம்லி என்ற ஒரே நடிகரின் படப்பட்டியலை எடுத்துக்கொண்டு இப்பகுதி ஆராய்கிறது.

படப்பட்டியல் என்பது ஒரு நடிகர் நடித்த படங்களை ஆண்டு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இயக்குநர், உடன் நடித்தவர்கள், தயாரித்த நிறுவனம் ஆகியவற்றைக் குறிக்கும் அட்டவணையாகும். ரசிகர்களுக்கு அது நினைவைப் புதுப்பித்துக்கொள்ளும் கருவி. வரலாற்றாசிரியருக்கோ அது ஓர் ஆவணம். ஒரு நிறுவனம் எந்த ஆண்டில் யாரை நம்பிப் பணம் போட்டது, எந்த மொழிக்காரர் எந்த வேலைக்கு அமர்த்தப்பட்டார், யாருடைய இடத்துக்கு அடுத்து யார் வந்தார் என்பவற்றை அந்த ஆவணம் காட்டிவிடுகிறது. உடன் நடித்தவரையும் இயக்கியவரையும் கண்ணிகளாகக் கொண்டு, ஒரு கலைஞரிலிருந்து இன்னொரு கலைஞருக்குச் செல்லும் வழியைத் தேடுவதும் இதன் பாற்பட்டதே. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இத்தகைய தேடலுக்கு ராம்லியின் பட்டியலைவிடப் பொருத்தமான இன்னொன்று கிடைப்பது அரிது.

பட்டியலின் தொடக்கம்

தெயுக்கு சக்கரியா என்ற இயற்பெயர் கொண்ட பி. ராம்லி, 1929 மார்ச் 22 அன்று பினாங்கில் பிறந்து, 1973 மே 29 அன்று கோலாலம்பூரில் காலமானார். நாற்பத்து நான்கு ஆண்டு வாழ்வில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தாமே இயக்கி, பாடகராகவும் இசையமைப்பாளராகவும் கதாசிரியராகவும் விளங்கிய அவருக்கு, மறைவுக்குப் பின் 1990ஆம் ஆண்டில் டான் ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் அவர் பாடியதைக் கேட்டு, 1948இல் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தவர், இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப்படங்களை இயக்கிக்கொண்டிருந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். மலாய் மொழியின் முதல் கதைப்படமாகக் கருதப்படும் 'லைலா மஜ்னுன்' படத்தை 1934இல் சிங்கப்பூரில் உருவாக்கியவரும் இதே ராஜ்ஹன்ஸ்தான் என்பதால், தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்து மூன்றாண்டுகளுக்குள்ளேயே மலாய்ப் படத்துறைக்கும் இந்தியக் கலைஞர்களுக்கும் இடையே தொடர்பு ஏற்பட்டுவிட்டது எனலாம்.

சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில் இயங்கிய மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் என்ற படப்பிடிப்பு நிலையம், ரன் ரன் ஷா, ரன்மி ஷா ஆகிய சீனச் சகோதரர்களுக்கு உரியதாகும். அங்கே ராஜ்ஹன்ஸ் இயக்கிய 'சிந்தா' (1948) ராம்லியின் பட்டியலில் முதல் வரியாக அமைகிறது. அப்படத்தில் எஸ். ரூமாய் நூர் நாயகனாகவும் சிபுட் சரவாக் நாயகியாகவும் நடிக்க, ராம்லி வில்லனாக நடித்ததோடு நாயகனுக்குப் பின்னணியும் பாடினார். பின்னணி பாடுவது என்பது, ஒருவர் பாடிப் பதிவு செய்த பாட்டுக்கு வேறொருவர் திரையில் வாயசைக்கும் முறை. தமிழ்ப்படங்களில் 1940களில் வேரூன்றிவிட்ட அந்த முறை, மலாய்ப்படங்களிலும் பின்பற்றப்பட்டது. திரையில் தாம் எதிர்க்கும் நாயகனுக்குத் தாமே குரல் கொடுத்த இந்த நிலைமை, அழகிய முகத்தையே நாயகனுக்குரிய தகுதியாகக் கொண்ட அக்காலப் பட முதலாளிகள் ராம்லியின் திறமையை எந்த அளவுக்கு மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தனர் என்பதைத் தெளிவாக்குகிறது.

எல். கிருஷ்ணன்: நாயகனாக்கிய இயக்குநர்

அந்த நிலைமையை மாற்றியவர் ஒரு தமிழர். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு பினாங்குக்கு வந்து வளர்ந்த எல். கிருஷ்ணன், ஜாலான் அம்பாஸில் இயக்குநர் பொறுப்பேற்று எடுத்த 'பக்தி' (1950) என்ற படத்தில் ராம்லியை முதன்முறையாக நாயகனாக்கினார். தொண்டு என்ற பொருளைத் தலைப்பாகக் கொண்ட அப்படத்தில் காஸ்மா பூட்டி நாயகியாக நடிக்க, ராம்லி தம் பாடல்களைத் தம் குரலிலேயே பாடி நடித்தார். பாடகரும் நடிகரும் ஒருவரே என்ற அடையாளம் அவருக்கு இப்படத்தின் மூலமே நிலைபெற்றது. அடுத்த இருபதாண்டுகளுக்கு மலாய் மக்கள் அவரைப் போற்றியதற்கு அந்த அடையாளமே அடிப்படை. அதே ஆண்டில் இறைவனின் விதி என்று பொருள்படும் 'தக்டிர் இலாஹி', 1951இல் வாழ்க்கை என்று பொருள்படும் 'பெங்ஹிடுப்பான்', 1952இல் புன்னகைக்கும் அழுகைக்கும் இடையே என்று பொருள்படும் 'அந்தாரா செஞ்யும் டான் தாங்கிஸ்' ஆகிய படங்களையும் கிருஷ்ணன் ராம்லியைக் கொண்டு இயக்கினார்.

ஜாலான் அம்பாஸின் மற்ற இயக்குநர்களிடமிருந்து கிருஷ்ணன் வேறுபட்ட இடம் ஒன்றுண்டு. இந்தியாவிலிருந்து நேரே ஒப்பந்தத்தில் வந்த இயக்குநர்களுக்கு மலாய் மொழி புதிது. பினாங்கில் வளர்ந்த கிருஷ்ணனுக்கோ அது வாழ்க்கை மொழிகளுள் ஒன்று. ராம்லியும் அவரும் ஒரே தீவில் வளர்ந்தவர்கள். மலாயா மண்ணில் வளர்ந்த ஒரு தமிழரும் ஒரு மலாய்க்காரரும் சேர்ந்து உழைத்ததன் விளைவே 'பக்தி' என்பதை மலேசியத் தமிழர் வரலாறு முன்வைத்துச் சொல்ல வேண்டும். தமிழர் இந்நாட்டுக்கு அளித்த பங்களிப்பைப் பட்டியலிடும்போது ரப்பரையும் இருப்புப்பாதையையும் துறைமுகத்தையும் குறிப்பிடும் நூல்கள், மலாய் மக்களின் நெஞ்சில் முதலிடம் பெற்ற கலைஞரை நாயகனாக்கிய இந்தத் தமிழரைக் கடந்து சென்றுவிடுவது பெருங்குறை.

ராமநாதனும் பாஸ்கரும்

கிருஷ்ணனைத் தொடர்ந்து எஸ். ராமநாதன் என்ற இயக்குநரின் பெயர் பட்டியலில் இடம்பெறுகிறது. ராம்லியும் காஸ்மா பூட்டியும் நடித்த 'ஜுவித்தா' (1951), நெங் யாத்திமா தாயாக நடித்த 'இபு' (1953), நோர்மாடியா நடித்த 'பங்கிலான் பூலாவ்' (1954) ஆகியவை ராமநாதனின் படங்கள். தாய் என்று பொருள்படும் 'இபு', வறுமையில் மகனை வளர்க்கும் ஒரு தாயின் துன்பத்தையும், இசைத்துறையில் முன்னேறும் மகனின் வாழ்வையும் சொல்வது. தாயின் தியாகத்தைக் கதையின் நடுவில் நிறுத்துவதும், உணர்ச்சி உச்சம் பெறும் இடங்களில் பாட்டை வைப்பதும் அக்காலத் தமிழ்ப்படங்களுக்குப் பழகிய அமைப்புகளாதலால், மலாய் மொழி முழுதும் விளங்காத தோட்டத் தமிழரும் இப்படங்களோடு எளிதில் ஒன்ற முடிந்தது. கே. எம். பாஸ்கர் 1952இல் இயக்கிய 'பாத்தா ஹாத்தி', 'மிஸ்கின்' ஆகிய இரண்டு படங்களிலும் ராம்லி நடித்தார். முன்னதன் தலைப்புக்கு உடைந்த உள்ளம் என்றும் பின்னதற்கு ஏழை என்றும் பொருள்.

பி. என். ராவ்: எம்.ஜி.ஆர். வரை செல்லும் வழி

இணைப்புகளைத் தேடுவோருக்கு இப்பட்டியலில் மிகுந்த பயன் தரும் பெயர் பி. என். ராவ். பாலகிருஷ்ண நாராயண ராவ் என்ற முழுப்பெயர் கொண்ட இவர், சிங்கப்பூருக்கு வருவதற்கு முன்பே தமிழ்த் திரையுலகில் பெயர் பெற்ற இயக்குநர். கே. சாரங்கபாணியும் கே. எல். வி. வசந்தாவும் நடித்த 'ரம்பையின் காதல்' (1939), வி. வி. சடகோபன் நடித்த 'மதனகாமராஜன்' (1941) ஆகியவை இவர் இயக்கியவை. 1945இல் வெளிவந்த 'சாலிவாஹனன்' படத்தில் ரஞ்சன் நாயகனாகவும் டி. ஆர். ராஜகுமாரி நாயகியாகவும் நடிக்க, அப்போது சிறிய வேடங்களில் நடித்துவந்த எம். ஜி. ராமச்சந்திரன் விக்கிரமாதித்தனாக நடித்தார். அதே ரஞ்சனும் ராஜகுமாரியும் மூன்றாண்டுகள் கழித்து எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) படத்தில் வில்லனாகவும் நாயகியாகவும் நடித்து நாடறிந்தவர்களாயினர்.

'சாலிவாஹனன்' படத்தை இயக்கிய அதே ராவ், 1953இல் ஜாலான் அம்பாஸில் வெயிலோடு பெய்யும் மழையைத் தலைப்பாகக் கொண்ட 'ஹுஜான் பானாஸ்' படத்தை ராம்லியையும் சிபுட் சரவாக்கையும் வைத்து இயக்கினார். 'சிந்தா'வில் வேறொருவருக்கு நாயகியாக நடித்தபோது ராம்லி வில்லனாக நின்ற அதே சிபுட் சரவாக்குக்கு, ஐந்தாண்டுகளுக்குப் பின் ராம்லியே நாயகனாகியிருந்தார். அதே ஆண்டில் நோர்மாடியாவுடன் ராம்லி நடித்த 'சியாப்பா சாலா', 1955இல் நோர்டின் அகமதுவுடன் நடித்த 'அபு ஹசான் பெஞ்சூரி' ஆகியவையும் ராவின் இயக்கத்தில் வந்தவை. ஆகவே எம்.ஜி.ஆரிலிருந்து ராம்லிக்குச் செல்ல இடையில் ஒரே ஓர் ஆள்தான் தேவைப்படுகிறார். 1950களில் மலாயாத் தோட்டங்களில் தமிழர் தம் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்த நடிகரும், மலாய்க்காரர் தம் வீட்டில் போற்றிய நடிகரும், வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே இயக்குநரின் சொல்லுக்கேற்ப நடித்தவர்கள் என்ற உண்மை, இரண்டு சமூகங்களின் கலைநினைவும் எவ்வளவு நெருங்கி நின்றன என்பதற்குப் போதிய சான்று.

ராவின் பயணம் ஷா சகோதரர்களோடு முடிந்துவிடவில்லை. போட்டி நிறுவனமான கேத்தே-கிரிஸ் படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்ற அவர், பேறுகாலத்தில் இறந்த பெண்ணின் ஆவியைப் பற்றிய மலாய் நம்பிக்கையை வைத்து, மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' (1957) படத்தை இயக்கினார். அதன் வெற்றி உடனடியாக இரண்டு தொடர்ச்சிப் படங்களுக்கு வழிவகுத்ததோடு, மலாய்த் திரையில் பேய்ப்படம் என்ற தனி வகையையே நிறுவியது. தமிழில் புராணக் கதைகளையும் மாயாஜாலக் கதைகளையும் இயக்கிப் பழகிய ஒருவரின் கைத்தேர்ச்சி, கம்பத்து நம்பிக்கை ஒன்றைத் திரைக்குக் கொண்டுவர உதவியது.

வேலை நடந்த முறை

இத்தனை இந்தியர்கள் மலாய்ப்படங்களை இயக்க நேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. போருக்குப் பின் 1947இல் படத்தயாரிப்பை மீண்டும் தொடங்கிய ஷா சகோதரர்களிடம் கொட்டகைகளும் முதலும் இருந்தன. மலாய் மேடை நாடகமான பங்சாவான் மரபில் தேர்ந்த நடிகர்களும் பாடகர்களும் இருந்தனர். ஆனால் ஒரு கதையைக் காட்சிகளாகப் பிரித்து, குறித்த நாளில், குறித்த செலவில் படமாக்கி முடிக்கும் அனுபவம் உள்நாட்டில் அருகியிருந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் அந்த அனுபவம் நிறைந்திருந்தது. மேலும், பங்சாவான் நாடகமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவானது; பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் சோகமும் கலந்த கதைசொல்லும் முறை தமிழ்ப்படத்துக்கும் பங்சாவானுக்கும் பொதுவானது. எனவே இந்திய இயக்குநரின் கற்பனை மலாய்ப் பார்வையாளருக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இயக்குநருக்கு மொழி தெரியாத குறையை ஈடுசெய்ய, மலாய் உதவி இயக்குநர்கள் அமர்த்தப்பட்டனர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உரையாடலை மலாய்க்கு மாற்றுவதும், இயக்குநரின் விருப்பத்தை நடிகர்களுக்கு விளக்குவதும் அவர்களது வேலை. ஜமில் சூலோங் போன்றோர் இந்த வேலையின் வழியே தொழிலைக் கற்று, பின்னர் தாமே இயக்குநர்களாயினர். ராம்லியும் நடிப்பதோடு நிற்காமல், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கதையமைப்பு ஆகியவற்றைத் தம் இயக்குநர்களின் பக்கத்தில் இருந்தே கற்றுக்கொண்டார். ஜாலான் அம்பாஸ் அவ்வகையில் ஒரு பள்ளிக்கூடமாகவே செயல்பட்டது.

இக்கூட்டு முயற்சியின் குறைகளையும் வரலாறு மறைத்தல் ஆகாது. சென்னையிலும் பம்பாயிலும் ஓடிய படங்களின் கதைகள் சிறு மாற்றங்களோடு மலாய்ப் பெயர்களைத் தாங்கி வந்தன. உடை, பேச்சு, வீட்டு வழக்கம், மதஒழுக்கம் ஆகியவற்றில் மலாய் வாழ்க்கைக்குப் பொருந்தாத செய்திகள் படங்களில் இடம்பெறுகின்றன என்று மலாய்ப் பத்திரிகைகளும் எழுத்தாளர்களும் குறை கூறினர். தம் வாழ்க்கையைத் தம்மவரே சொல்ல வேண்டும் என்ற அக்கோரிக்கை நியாயமானது. நாடு விடுதலையை நோக்கி நடந்த அந்த ஆண்டுகளில் அது வலுப்பெற்றதும் இயல்பே.

'ஹங் துவா': மலாக்காவின் கதை

அந்தக் குறைகூறலும் அந்தக் கூட்டுமுயற்சியின் பெருமையும் ஒன்றாகக் குவிந்த படம், மலாக்கா மக்களுக்கு நெருக்கமான 'ஹங் துவா' (1956). பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்கா சுல்தானின் வீரனாகச் சொல்லப்படும் ஹங் துவாவாக ராம்லியும், அவன் நண்பன் ஹங் ஜெபாட்டாக அகமது மாமுட்டும், மலைப்பெண் மெலோராக சாடியாவும் நடித்தனர். பொய்ப் பழியால் துவாவுக்குச் சுல்தான் மரண தண்டனை விதிக்க, நண்பனுக்காக ஜெபாட் கலகம் செய்ய, உயிரோடு மறைத்துவைக்கப்பட்டிருந்த துவாவே திரும்பி வந்து ஜெபாட்டைக் கொல்கிறான். இருவருள் யார் செய்தது சரி என்ற கேள்வி அவனை வாட்டுவதோடு படம் முடிகிறது. ஈஸ்ட்மன் கலர் என்ற வண்ண முறையில் எடுக்கப்பட்ட இப்படம், ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் இசைக்காக விருது பெற்றது. அதன் இசையமைப்பாளரும் ராம்லியே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எம்.ஜி.ஆர். நடிப்பில் வெளிவந்ததும் அதே 1956இல்தான்.

மலாக்காவின் தமிழருக்கு இக்கதையின் இடங்கள் வெறும் ஏட்டுப் பெயர்களல்ல. ஹங் துவாவின் பெயரால் வழங்கும் கிணறு மலாக்கா நகரை அடுத்த டுயோங் கம்பத்தில் இருக்கிறது. துவாவும் நண்பர்களும் குருவைத் தேடிச் செல்லும் குனோங் லேடாங், ஆசகான் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் அன்றாடம் கண்ட மலை. 'ஹிக்காயாட் ஹங் துவா' என்ற பழைய மலாய் இலக்கியமோ தன் நாயகனைத் தென்னிந்தியாவுக்கே தூதனாக அனுப்பிவைக்கிறது. ஆக, கதையிலேயே தென்னிந்தியத் தொடர்புள்ள ஒரு வீரனை, தென்னிந்தியர் பலர் உழைத்த நிலையம் ஒன்று திரைக்குக் கொண்டுவந்தது.

இப்படத்தை இயக்கிய பனி மஜும்தார் வங்காளி. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் கே. எல். சைகலையும் கானன் தேவியையும் வைத்து 'ஸ்ட்ரீட் சிங்கர்' (1938) என்ற இந்திப் படத்தை இயக்கிப் புகழ்பெற்ற பின்பே அவர் சிங்கப்பூருக்கு வந்தார். சைகல், 1937இல் வெளிவந்த தமிழ் 'தேவதாஸ்' படத்துக்காகத் தமிழிலும் பாடியவர் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. என் மகன் சஸாலி என்று பொருள்படும் 'அனாக்கு சஸாலி' (1956) படத்தில் தந்தையாகவும் மகனாகவும் இரு வேடங்களில் நடித்த ராம்லிக்கு, 1957இல் டோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அப்படத்தை இயக்கியவரும் மஜும்தாரே. இந்தியா திரும்பிய மஜும்தார், கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' என்ற தமிழ் நாடகத்தை இந்தியில் 'ஊஞ்சே லோக்' (1965) என்ற படமாக எடுத்தார். அதே நாடகத்தைப் பாலசந்தரே 1966இல் தமிழில் படமாக்கினார். அதில் நடித்த சுந்தரராஜனுக்கு மேஜர் என்ற அடைமொழி நிலைத்துவிட்டது. எனவே ராம்லியிலிருந்து பாலசந்தருக்குச் செல்லும் வழியும் ஒரே ஓர் இயக்குநரின் ஊடாகவே அமைகிறது.

இயக்குநர் பொறுப்பு கைமாறிய காலம்

ராம்லியின் பட்டியலில் 1955ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டில் அவர் முதன்முதலாக இயக்கிய 'பெனாரெக் பெச்சா', மூன்று சக்கர ரிக்‌ஷா மிதிக்கும் ஏழை இளைஞன் ஒருவனுக்கும் பணக்காரர் மகளுக்கும் ஏற்படும் காதலைச் சொல்வது. சாடியா நாயகியாகவும் சாலே காமில் வில்லனாகவும் நடித்தனர். எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் அத்தொழிலாளியாக நடிப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, சிங்கப்பூர்த் தெருக்களின் ரிக்‌ஷாக்காரரை ராம்லி நாயகனாக்கிவிட்டார். அரண்மனையையும் செல்வர் மாளிகையையும் விட்டு உழைப்பவரின் வாழ்க்கைக்கு மலாய்ப்படம் இறங்கி வந்ததை இப்படம் அறிவித்தது.

அதன்பின் பட்டியலின் முகம் மாறுகிறது. 1956இல் நோர்டின் அகமதுவும் சாடியாவும் உடன் நடித்த 'செமேரா பாடி', 1957இல் அஜீஸ் சத்தார், எஸ். சம்சுடின் ஆகியோரோடு ராம்லி சேர்ந்த 'புஜாங் லாப்போக்' ஆகியவற்றில் இயக்குநர் பெயராக ராம்லியின் பெயரே வருகிறது. மணமாகாத மூன்று நண்பர்களின் அல்லல்களைச் சொல்லிய 'புஜாங் லாப்போக்', அதே மூவரைக் கொண்டு மேலும் மூன்று படங்களை ஈன்றது. அவற்றுள் 'பெண்டேக்கார் புஜாங் லாப்போக்' 1959இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நடிக்க வாய்ப்புத் தேடி மூவரும் படப்பிடிப்பு நிலையத்துக்கே செல்லும் 'செனிமான் புஜாங் லாப்போக்' (1961), ஜாலான் அம்பாஸின் அன்றாட வேலைமுறையையே கதையாக்கியது.

இதே காலத்தில் மலாய்க் கலைஞர்கள் பெர்சாமா என்ற சங்கத்தில் ஒன்றுதிரண்டு ஊதிய உயர்வுக்காகப் போராடினர். 1957ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் அப்போராட்டத்தின் உச்சம். உள்ளூர்க் கதை, உள்ளூர் இயக்குநர் என்ற கோரிக்கையும் அதனோடு வளர்ந்தது. 1961இல் கேத்தே-கிரிஸ் நிறுவனத்துக்காக ஹுசைன் ஹானிஃப் இயக்கிய 'ஹங் ஜெபாட்' படம், 1956இன் கதையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து, கலகக்காரனாகிய ஜெபாட்டையே நாயகனாக்கியது. ராவின் 'அபு ஹசான் பெஞ்சூரி'யில் ராம்லியோடு நடித்திருந்த நோர்டின் அகமதுவே அந்த ஜெபாட். அரசனுக்கு அடங்கி நடப்பதா, அநீதியை எதிர்ப்பதா என்ற கேள்விக்குப் புதிய நாட்டின் புதிய இயக்குநர் தந்த விடையாக அப்படம் மதிக்கப்படுகிறது. இந்திய இயக்குநர்களிடம் தொழில் பயின்ற தலைமுறை, அவர்களைக் கடந்து தன் குரலைக் கண்டடைந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

ராம்லி 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள உலு கிள்ளானில் அமைந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்துக்குச் சென்றார். ஜாலான் அம்பாஸ் 1967இல் மூடப்பட்டது. குறைந்த வசதிகளோடும் மாறிவிட்ட ரசனையோடும் போராடிய அவரது கடைசிப் படம் 'லக்சமானா டோ ரே மி' (1972).

பட்டியல் சொல்லும் செய்தி

'சிந்தா' முதல் 'ஹங் துவா' வரையிலான எட்டாண்டுகளில், ராம்லியின் படங்களைப் பெரும்பாலும் இந்தியர்களே இயக்கினர். அவர்களுள் தென்னிந்தியர் கணிசமானோர். சீனர் முதலிட, இந்தியர் இயக்க, மலாய்க்காரர் நடிக்க, மூவின மக்களும் காசு கொடுத்துப் பார்த்த அந்தப் படங்கள், பிற்காலத்தில் இன அடிப்படையில் பிரித்து எழுதப்பட்ட கலை வரலாறுகளுக்குள் அடங்காதவை. தமிழ்த் திரைப்பட வரலாறுகள் பி. என். ராவின் பணியை 1940களோடு முடித்துவிடுகின்றன. மலாய்த் திரைப்பட வரலாறுகள் அவரை 1953இலிருந்து தொடங்குகின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு முழு மனிதர் தெரிகிறார். எல். கிருஷ்ணனுக்கும் எஸ். ராமநாதனுக்கும் கே. எம். பாஸ்கருக்கும் இதே நீதி செய்யப்பட வேண்டும். இரு மொழியும் அறிந்த மலேசியத் தமிழருக்கே அந்த வேலைக்குரிய தகுதி இயல்பாக வாய்த்திருக்கிறது. பழைய மலாய்ப்படங்கள் இன்றும் தொலைக்காட்சியில் வருவதால், அவற்றின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களைக் குறித்துவைத்து ஒப்பிடும் பணியைச் சுங்கை ரம்பாயின் பள்ளி மாணவரும் தொடங்கலாம்.

சென்னையிலிருந்து மலாயாத் திரைக்கு வந்தவர்களை இப்பகுதி கண்டது. ராம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்த அதே 1964இல், மலாயாவில் பிறந்த ரவிச்சந்திரன் என்ற இளைஞர், ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தின் மூலம் சென்னையில் நாயகனாக அறிமுகமானார். அவரும், பின்னாளில் பாடகராகவும் வில்லன் நடிகராகவும் பெயர் பெற்ற மலேசியா வாசுதேவனும் தமிழ்த் திரையில் யார் யாரோடு இணைந்தனர் என்பதை அடுத்த பகுதி ஆராயும்.